ஐவரியா, வெளிர் சாம்பலா?

கேள்வி: படுக்கையறை 10க்கு 12 அடி, உயரம் 10 அடி. ஒரே ஜன்னல், நேர் வெயில் வராது. பெயின்ட் கடையின் ஷேட் கார்டில் (நிற அட்டை) ஐவரி, வெளிர் சாம்பல் இரண்டுமே பிடித்திருக்கின்றன. எதை அடிக்கலாம்? எத்தனை லிட்டர் வாங்க வேண்டும்?

பதில்: உங்கள் அறைக்கு ஐவரிதான் பொருந்தும். நேர் வெயில் விழாத அறைக்குள் வருவது பெரும்பாலும் வானத்து வெளிச்சம். அதில் நீலம் தூக்கலாக இருக்கும். வெளிர் சாம்பல் அந்த வெளிச்சத்தில் நீலம் பாய்ந்து, மேகமூட்டமான நாளில் களையிழந்து போகும். ஐவரியில் உள்ள மஞ்சள் அந்த நீலத்தைச் சரிக்கட்டிவிடும். சாம்பலை விட மனமில்லை என்றால், லேசாகப் பழுப்பு கலந்த சாம்பலாகக் கேளுங்கள்.

கார்டை மட்டும் நம்பி வாங்கிவிட வேண்டாம். நான்கு சுவரிலும் ஏறியதும், ஒன்றின் நிறம் இன்னொன்றில் பட்டு, கார்டில் பார்த்ததைவிட அடர்த்தியாகத் தெரியும். இரண்டிலும் சாம்பிள் டப்பா வாங்கி, 2 அடிச் சதுர வெள்ளை அட்டைகளில் தனித்தனியே இரண்டு கோட் அடியுங்கள். இடையில் 4 மணி நேரம் காயட்டும். சுற்றிலும் 2 அங்குலம் வெள்ளையாக விடுங்கள். இல்லாவிட்டால் பழைய சுவரின் நிறம் பக்கத்தில் இருந்து கண்ணை ஏமாற்றும். சுவரைச் சமப்படுத்தப் பூசும் பட்டியின் மேல், பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்காமல் சாம்பிள் பார்ப்பது வீண். பட்டி பெயின்ட்டை உறிஞ்சி, திட்டுத் திட்டாகக் காட்டும்.

ஈரத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) ஈரமாக இருக்கும்போது பால் கலந்தது போல வெளுத்துத் தெரியும். காய்ந்ததும் ஒரு படி கருக்கும். மறுநாள் அட்டைகளைச் சுவரில் செங்குத்தாகச் சாய்த்து, ஜன்னல் உள்ள சுவரிலும் எதிர்ச்சுவரிலும் மாற்றி வைத்து, காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பாருங்கள். படுக்கையறைக்கு இரவுதான் முக்கியம். பல்பு ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். 2700 கெல்வின் பல்பில் ஐவரி நன்றாக மஞ்சளித்துவிடும், 6500 கெல்வினில் சாம்பல் இன்னும் நீலமாகும். 4000 கெல்வின் இரண்டுக்கும் நடுவானது. பல்பை மாற்றும் எண்ணம் இருந்தால், மாற்றிவிட்டே நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அளவு: நான்கு சுவரும் சேர்த்து 440 சதுர அடி. கதவு, ஜன்னல் போக சுமார் 400; இரண்டு கோட்டுக்கு 800. வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு 100 முதல் 120 சதுர அடி வரும். ஆக 7 முதல் 8 லிட்டர். எல்லா டப்பாவையும் ஒரே நேரத்தில் வாங்கி, ஒரு பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துகொள்ளுங்கள். ஒரே ஷேட் எண்ணில் கலந்த நிறமும் டப்பாவுக்கு டப்பா லேசாக மாறும். சுவரின் நடுவில் டப்பா மாறினால் அந்த இடம் தனியாகத் தெரியும்.