கையெழுத்தான அன்றே சட்டமாக்கினால் என்ன?

கேள்வி: இரு நாட்டுத் தலைவர்கள் உலகமே பார்க்கக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை, அப்புறம் நாடாளுமன்றத்தில் போட்டு வருஷக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள். வெளியுறவு விவகாரத்தில் எம்.பி.க்களுக்கு என்ன தெரியும்? கையெழுத்தான அன்றே அது சட்டம் என்று ஆக்கிவிட்டால் என்ன? – வாசகர் ஒருவர்

பதில்: ஆக்கலாம். ஆனால் ஒரு மாதம் கழித்து நீங்களே எனக்கு வேறொரு கடிதம் எழுதுவீர்கள்: ‘யாரைக் கேட்டு வெளிநாட்டில் போய்க் கையெழுத்துப் போட்டு என் வரியை ஏற்றினார்கள்?’ என்று.

ஒப்பந்தம் என்பது ஓர் அரசு இன்னோர் அரசுக்குக் கொடுக்கும் வாக்கு. அதில் நீங்களும் நானும் கையெழுத்துப் போடவில்லை. சுங்க அதிகாரி ஒரு பெட்டியைத் திறக்க வேண்டுமானாலும், போலீஸ்காரர் ஒருவரைப் பிடித்துப் போக வேண்டுமானாலும், அவர்கள் கையில் உள்நாட்டுச் சட்டம் இருக்க வேண்டும். பிரிட்டனிலும், அந்த வழியில் வந்த இந்தியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலும் இதுதான் முறை. ஒப்பந்தம் செய்வது மன்னரின் அதிகாரம், சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் அதிகாரம் என்று அங்கே பிரித்து வைத்தார்கள். இரண்டும் ஒன்றாகிவிட்டால், சொந்த நாட்டில் நிறைவேற்ற முடியாததை மன்னர் பக்கத்து நாட்டு மன்னரோடு பேசி நிறைவேற்றிக்கொள்வாரே! நெதர்லாந்தில் ஒப்பந்தத்தை நேரடியாகவே நீதிமன்றத்தில் காட்டி வாதாடலாம் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். உண்மைதான். ஆனால் அந்த ஒப்பந்தத்துக்கு நாடு கட்டுப்படுவதற்கு முன்பே அங்கே நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவை. பின்னால் கேட்பதை அவர்கள் முன்னாலேயே கேட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

இழுத்தடிப்பு பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. யார்மேல் என்பதில்தான் தவறிவிட்டீர்கள். இந்தியாவும் வங்கதேசமும் 1974 மே மாதம் ஓர் எல்லை ஒப்பந்தம் செய்தன. அப்போது வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் திட்டுகள், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் திட்டுகள் இருந்தன. திட்டு என்றால் நாலு பக்கமும் அந்நிய நாடு சூழ்ந்த ஊர். ஓரிடத்தில் இந்தியாவுக்குள் வங்கதேசம், அதற்குள் இந்தியா என்றுகூட அடுக்கடுக்காக இருந்தது. அங்கே இருந்தவர்கள் காகிதத்தில் ஒரு நாட்டுக் குடிமக்கள். வாசலைத் தாண்டினால் அடுத்த நாடு. மின்சாரம் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, சுற்றியிருக்கும் நாட்டுக்காரர் யாருடைய முகவரியையாவது இரவல் வாங்க வேண்டும். இந்தத் திட்டுகளை மாற்றிக்கொள்வதுதான் ஒப்பந்தம். வங்கதேசம் அந்த ஆண்டே தன் அரசியல் சட்டத்தைத் திருத்திவிட்டது. இந்தியாவில் நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று பெருபாரி என்ற எல்லைப் பகுதியைப் பாகிஸ்தானோடு பங்கிடும் விவகாரத்தில் 1960-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தத் திருத்த மசோதா மாநிலங்களவைக்கு எப்போது வந்தது தெரியுமா? 2013 டிசம்பரில். எல்லையை இன்னும் முழுதாக அளக்கவில்லை என்பது அதுவரை சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2015 மே மாதம் வாக்கெடுப்புக்கு விட்டபோது இரண்டே நாளில் இரு அவைகளும் நிறைவேற்றிவிட்டன. அந்த ஜூலை 31 நள்ளிரவில் திட்டுகள் கைமாறின. ஆக 41 வருஷத் தாமதத்தில் 39 வருஷம் எம்.பி.க்களின் மேஜைக்கு மசோதாவே வரவில்லை.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா 1997-ல் கையெழுத்திட்டது. அதற்கான மசோதா மக்களவையில் நிறைவேறியது 2010-ல். மாநிலங்களவையில் அது தேங்கியது, பிறகு காலாவதியானது. ஒப்பந்தத்தை உறுதிசெய்யும் வேலை அப்படியே நிற்கிறது. வெளியே கையெழுத்தைக் காட்டிப் பெயர் வாங்கலாம், உள்ளே ‘சட்டம் இன்னும் ஆகவில்லையே’ என்று கையை விரிக்கலாம். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த வசதி பிடித்துத்தான் இருக்கிறது.

அமெரிக்க உதாரணம் ஒன்று உங்கள் வாதத்தை வலுப்படுத்தும், மறைக்க விரும்பவில்லை. அங்கே அரசியல் சட்டமே ஒப்பந்தங்களை நாட்டின் உச்ச சட்டம் என்கிறது. வெளிநாட்டுக்காரரைக் கைது செய்தால் அவர் நாட்டுத் தூதரகத்தின் உதவியைக் கேட்கலாம் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அமெரிக்காவும் ஏற்ற ஒப்பந்தம் இது. டெக்சாஸில் இரண்டு சிறுமிகளைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்ற மெக்சிகோக்காரரிடம் அதைச் சொல்லவில்லை. அவரையும் சேர்த்து 51 பேரின் வழக்குகளை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று சர்வதேச நீதிமன்றம் 2004-ல் தீர்ப்பளித்தது. அப்படியே செய்யுங்கள் என்று அதிபர் புஷ்ஷும் உத்தரவிட்டார். டெக்சாஸ் மறுத்தது. 2008 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டெக்சாஸ் பக்கம் நின்றது: சர்வதேச நீதிமன்றத்தின் தீர்ப்பு உள்நாட்டில் செல்ல காங்கிரஸ், அதாவது அந்நாட்டு நாடாளுமன்றம், சட்டம் இயற்ற வேண்டும், அதிபர் ஒற்றை ஆளாகச் சட்டம் போட முடியாது. காங்கிரஸ் இயற்றவில்லை. ஆகஸ்டில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. கொடுத்த வாக்கை அமெரிக்கா மீறியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உள்நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை என்பது ஒப்பந்தத்தை மீறச் சாக்காகாது என்று, ஒப்பந்தங்களுக்கான விதிகளைச் சொல்லும் 1969-ன் வியன்னா உடன்படிக்கை தெளிவாகவே சொல்கிறது. ஆனாலும் அதிபரைப் பற்றி அந்த நீதிபதிகள் சொன்னது சரி. குற்றம் காங்கிரஸுடையது.

சரி, சட்டம் இயற்றிவிட்டால் தீர்ந்ததா? ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தத்துக்காக அமெரிக்கா 1998-ல் ஒரு சட்டம் போட்டது. ஒப்பந்தத்தின் வாசகத்தை ஏறக்குறைய அப்படியே எடுத்து எழுதிவிட்டார்கள். பென்சில்வேனியாவில் ஒரு பெண், தன் கணவரோடு உறவு வைத்திருந்த தோழியின் வீட்டுக் கதவுப் பிடியிலும் தபால் பெட்டியிலும் கார் கதவிலும் ரசாயனத்தைத் தடவினார். தோழிக்குக் கட்டைவிரலில் லேசான புண். தண்ணீரில் கழுவியதோடு சரியாகிவிட்டது. மத்திய அரசு வழக்கறிஞர்கள் போட்ட வழக்கு என்ன? ரசாயன ஆயுதப் பிரயோகம்! இந்தச் சட்டம் அதற்கானதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொல்ல வேண்டியிருந்தது. ‘எந்த விஷ ரசாயனமும்’ என்று நாடுகளுக்காக எழுதிய வரியை வீட்டுச் சண்டைக்கும் பொருந்தும்படி விட்டதன் விளைவு. மசோதாவை வரிவரியாக எம்.பி.க்கள் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

எம்.பி.க்களுக்கு வெளியுறவு தெரியாது என்கிறீர்கள். 1986-ல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசுக்கு எதிரான பொருளாதாரத் தடைச் சட்டத்தை அமெரிக்க அதிபர் ரீகன் தன் வீட்டோவால், அதாவது மறுப்பு அதிகாரத்தால், தடுத்தார். காங்கிரஸின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்களித்து அதைச் சட்டமாக்கின. வெளியுறவில் கரைகண்டவர்கள் எல்லாம் வெள்ளை மாளிகையில்தானே இருந்தார்கள்?

உள்ளே நுழையும்போது மட்டுமல்ல, வெளியேறும்போதும் இதே கதைதான். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் நோட்டீஸை நானே கொடுத்துவிடுவேன், நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டியதில்லை என்றது பிரிட்டன் அரசு. கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரி 24-ல் எட்டுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இரண்டாம் நாளே மசோதா வந்தது. மொத்தமே இரண்டு பிரிவு. மார்ச் 16-ல் சட்டமாகிவிட்டது. அரசுக்கு அவசரம் இருந்தால் ஏழு வாரம் போதுமாயிருக்கிறது.