பஸ்ஸில் ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, பேசினால் சரியாகுமா?

கேள்வி: எனக்கு 34 வயது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. ஒரு வருடமாக நுவரெலியா பஸ்ஸில் ஏறினாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது, கை விறைக்கிறது. செத்துவிடுவேன் போலிருக்கும். இப்போது பஸ்ஸில் ஏறுவதையே விட்டுவிட்டேன். ஈசிஜி, தைராய்டு எல்லாம் சரியாம். மருத்துவ உளவியலாளரிடம் போகச் சொல்லித் துண்டு தந்தார்கள். 'அது பைத்தியத்துக்குப் பார்க்கிற இடம்' என்கிறார் மாமியார். பேசினால் படபடப்பு போய்விடுமா?

பதில்: போங்கள் சகோதரி. அந்தத் துண்டைத் தந்தவர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

நீங்கள் எழுதியிருப்பது பீதித் தாக்குதல் போலத் தெரிகிறது. பேனிக் அட்டாக் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நேரில் பார்ப்பவர்தான் அதை உறுதிசெய்ய வேண்டும். இது பைத்தியமும் இல்லை, நடிப்பும் இல்லை. ஆபத்து வந்தால் ஓடுவதற்காக உடம்பு சுரக்கும் அட்ரினலின், ஆபத்தே இல்லாத நேரத்தில் சுரந்துவிடுகிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது. 'ஐயோ, மாரடைப்பு' என்று நினைக்கிறீர்கள். அந்த நினைப்பு பயத்தைக் கூட்ட, நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கும். நீங்களோ அதற்கு முன்பே பஸ்ஸை விட்டு இறங்கிவிடுகிறீர்கள். 'இறங்கியதால் தப்பித்தேன்' என்று மனம் பதிந்துவைத்துக்கொள்கிறது.

உளவியலாளர் மாத்திரை எழுத மாட்டார், அது மனநல மருத்துவரின் வேலை. புத்திமதி சொல்லி அனுப்புபவரும் அல்ல. வழக்கமாக வாரம் ஒரு முறை, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் உங்களோடு உட்காருவார். முதலில் கதையைக் கேட்பார். அப்புறம் பயிற்சி. அறைக்குள்ளேயே உங்களை ஒரு நிமிடம் வேகமாக மூச்சுவிடச் சொல்லலாம், படி ஏறி இறங்கச் சொல்லலாம். அதே படபடப்பு வரும், ஆனால் ஒன்றும் நடக்காது. அதை உங்கள் உடம்பே உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். நான் எவ்வளவு எழுதினாலும் அதற்கு ஈடாகாது. அடுத்து பஸ். முதல் நாள் பஸ் தரிப்பில் நிற்பது, பிறகு லிந்துலை வரை, அதற்குப் பிறகு நானுஓயா, கடைசியில் நுவரெலியா. ஒவ்வொரு கட்டத்திலும் பயம் வந்தாலும் இறங்காமல் இருந்து பழக வேண்டும். கதவோரச் சீட்டு, கையில் தண்ணீர்ப் போத்தல், துணைக்கு ஒருவர் என்று பிடித்துவைத்திருக்கும் காவல்களையும் மெல்ல மெல்ல விடச் சொல்வார். கஷ்டமான வேலைதான், ஆனாலும் பலன் தரும்.

இதற்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். 1960களில் அமெரிக்காவில் மனநல மருத்துவர் ஆரோன் பெக் மனச்சோர்வுக்காக உருவாக்கிய முறையிலிருந்து வளர்ந்தது. வேறு வழிகளும் உண்டு. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டின் வழியில் வந்தவர்கள் பழைய காயங்களையும் குழந்தைப் பருவத்தையும் தோண்டிப் பார்ப்பார்கள். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் வழி, தீர்ப்புச் சொல்லாமல் முழு மனதோடு கேட்பது. குடும்பத்தையே சேர்த்து உட்காரவைத்துப் பேசும் முறையும் இருக்கிறது. தீராத துக்கத்துக்கோ வீட்டுச் சண்டைக்கோ அவை உதவும். உங்கள் பிரச்சினைக்கு முதலில் நான் கேட்பது முன்னே சொன்னதைத்தான்.

மாத்திரையும் தேவைப்படலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யாரோ தந்த தூக்க மாத்திரையை மட்டும் தினமும் போடாதீர்கள், பழகிவிடும். ஏற்கெனவே போட்டுவந்தால் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மாமியார் கோயிலில் நூல் கட்டச் சொன்னால் கட்டிக்கொள்ளுங்கள், கிளினிக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். முடிந்தால் அவரையும் ஒரு நாள் கூட்டிப் போங்கள்.

மலையகத்தில் மொழிதான் பெரிய தடை. மனதில் இருப்பதை அரைகுறைச் சிங்களத்தில் சொல்லிச் சிகிச்சை பெற முடியாது. தமிழில் பேசுபவர் வேண்டும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை. முறை வரும்வரை பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் எந்நேரமும் தேசிய மனநல உதவித் தொலைபேசி எண்ணான 1926க்கு அழைக்கலாம். பஸ்ஸில் இல்லாதபோதும் நெஞ்சு வலித்து, கைக்கோ தாடைக்கோ பரவினால், பழைய ஈசிஜியை நம்பி வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.