வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள்

முதுகெலும்பு பக்கவாட்டில் 22 டிகிரி வளைந்திருப்பதற்கு யாரும் ஆபரேஷன் செய்வதில்லை. 12 வயது மகளின் எக்ஸ்ரேயைப் பற்றி நீங்கள் எழுதிய நீண்ட கடிதத்தில், ஆபரேஷன் என்ற சொல்லை மூன்று இடத்தில் எழுதி மூன்று இடத்திலும் அடித்திருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாதது அதுதான் என்று புரிகிறது. அறுவை சிகிச்சை பற்றிய பேச்சே 45, 50 டிகிரியை நெருங்கும்போதுதான் வரும்.

புத்தகப் பை, கூன் போட்டு உட்காருவது, ஒருக்களித்துப் படுப்பது எதுவும் இதற்குக் காரணமில்லை. நாளைக்குப் பிள்ளை பெறவும் தடையில்லை. ஓடட்டும், நீந்தட்டும். ஓட்டப்பந்தய வீரர் உசைன் போல்ட்டுக்கும் ஸ்கோலியோசிஸ் என்கிற இந்த முதுகு வளைவு உண்டு.

எனக்குக் கவலை தந்தது உங்கள் கடைசி வரி: 'வலி இல்லாததால், நான்கு மாதம் கழித்து வரச் சொன்னதற்குப் போக வேண்டாம் என்று நினைக்கிறோம்.' அம்மா, இந்த வளைவு பெரும்பாலும் வலிக்காமலேதான் கூடும். அவள் இன்னும் வயதுக்கு வரவில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் உயரம் சட்டென்று ஏறுகிற காலம் இதுதான், வளைவும் கூடவே ஏறக்கூடிய காலம். 25 டிகிரியைத் தாண்டினால், வளர்ச்சி மிச்சம் இருக்கும்போதே முதுகைச் சுற்றி அணியும் பிரேஸ் போட வேண்டும். பிரேஸ் முதுகை நேராக்காது, மேலும் வளையாமல் பிடித்து வைக்கும். 2013இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், பிரேஸ் போட்ட பிள்ளைகளில் 72 சதவீதம் பேர் 50 டிகிரியைத் தொடாமலே வளர்ந்து முடித்தார்கள். போடாதவர்களில் 48 சதவீதம்தான். தினமும் 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். வளர்ந்து முடித்த பிறகு வந்தால் இந்த வாய்ப்பு கையில் இருக்காது.

நீங்கள் ஆன்லைனில் வாங்கிய பெல்ட் அந்த பிரேஸ் அல்ல. அது தோளைப் பின்னால் இழுக்கும், அவ்வளவுதான். பிரேஸ் என்பது உடம்பை அளவெடுத்துச் செய்கிற கெட்டியான பிளாஸ்டிக் கூடு. எண்ணெய் தேய்த்து எலும்பை நிமிர்த்தும் வீடியோவை அனுப்பிய உறவினருக்கு என் சார்பில் ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள்.

மாதம் ஒருமுறை கதவு நிலையில் பென்சிலால் அவள் உயரத்தைக் குறித்து வையுங்கள். அப்புறம், உங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, முழங்காலை மடக்காமல், இரு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தொங்கவிட்டபடி குனியச் சொல்லுங்கள். உங்கள் கண் அவள் முதுகின் மட்டத்தில் இருக்கட்டும். விலாவின் ஒரு பக்கம் மேடாகத் தெரியும். அந்த மேடு போன மாதத்தைவிடத் தூக்கலாகத் தெரிந்தாலோ, உயரம் மளமளவென்று ஏறினாலோ நான்கு மாதம் வரை காத்திருக்க வேண்டாம். தூக்கத்தைக் கலைக்கும் வலி, காலில் பலவீனம், சிறுநீரை அடக்க முடியாமை இவற்றில் ஏதாவது வந்தால் அன்றைக்கே போங்கள்.

போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது, பழைய எக்ஸ்ரே படத்தையே எடுத்துப் போங்கள். அளக்கும் கை மாறினாலே ஐந்து டிகிரி வரை வித்தியாசம் வரும். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து ஒருவரே அளந்தால்தான் வளைவு உண்மையில் ஏறியிருக்கிறதா என்று சொல்ல முடியும்.