பழைய கார் வாங்கலாமா? கேள்வி பதில்

கேள்வி: கையில் 6 லட்சம் இருக்கிறது. புது சின்ன காரா, மூன்று நான்கு வருஷம் ஓடிய பெரிய காரா? பழையதில் நிஜமாகவே லாபம் உண்டா? (கோவை)

உண்டு. முதல் சில வருஷத் தேய்மானத்தை முதல் ஓனர் சுமந்துவிடுகிறார். இன்ஷூரன்ஸில் ஐடிவி, அதாவது வண்டியின் காப்பீட்டு மதிப்பைக் குறைக்கும் கணக்கைப் பாருங்கள்: ஆறு மாதத்துக்குள்ளேயே 5 சதவீதம், ஒரு வருஷத்துக்குள் 15, இரண்டாம் வருஷத்தில் 20, மூன்றாம் வருஷத்தில் 30, நான்காம் வருஷத்தில் 40. சந்தை விலை மாடலுக்கு மாடல் மாறும், ஆனால் இறங்கும் போக்கு இதுதான்.

அடுத்தது லைஃப் டேக்ஸ், அதாவது பதிவின்போது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தியபின் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம். 8 லட்ச ரூபாய் காருக்கு 1,04,000 ரூபாய். தமிழ்நாட்டுப் பதிவு வண்டியை வாங்கும் இரண்டாவது ஓனர் இதை மறுபடி கட்ட வேண்டியதில்லை.

இரண்டு எச்சரிக்கை. பழைய காருக்கு வங்கி வட்டி கூடுதல், அதனால் முழுவதும் கடனில் வாங்கினால் லாபத்தில் ஒரு பகுதி கரையும். இன்னொன்று, 2025 செப்டம்பரில் சின்ன கார்களின் ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியது. விற்பவர் தான் வாங்கிய பழைய பில்லைக் காட்டி விலை சொல்வார். நீங்கள் இன்றைய ஷோரூம் விலையிலிருந்து பேரம் பேசுங்கள்.

கேள்வி: எந்த வருஷ வண்டியிலிருந்து பார்க்கலாம்? (திருச்சி)

2019 ஏப்ரலுக்குப் பிந்தையதில் ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) நிச்சயம் இருக்கும். முன்பக்கம் இரண்டு ஏர்பேக்கும் வேண்டுமென்றால் 2022 ஜனவரியிலிருந்து தயாரான வண்டி. குடும்பத்தோடு போகிறவர்கள் இதில் சமரசம் செய்யவே வேண்டாம்.

கேள்வி: அடிபட்ட வண்டியை நானே கண்டுபிடிக்க முடியுமா? (நாமக்கல்)

முடியும். பகல் வெளிச்சத்தில், கழுவித் துடைத்த, ஈரமில்லாத வண்டியைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேலிருக்கும் வெளித் தகடு) போல்ட்டுகளைக் கவனியுங்கள். தலையில் பெயிண்ட் உரிந்து ஸ்பானர் தடம் இருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஃபெண்டர் மட்டும் மாறியிருந்தால் பெரிய குற்றமில்லை. அதற்கு உள்ளே இருக்கும் ஏப்ரன் தகட்டிலோ, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸிலோ வெல்டிங் செய்திருந்தால் வேண்டாம்.

பிறகு நான்கு கதவிலும் ரப்பர் பீடிங்கை ஒரு ஜாண் இழுத்துப் பாருங்கள். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் வட்டவட்டமாக, ஒரே இடைவெளியில், சின்னக் குழி போல வரிசையாக இருக்கும். டிங்கரிங் செய்த இடத்தில் அந்த வரிசை கலைந்திருக்கும், அல்லது பட்டி பூசி மழமழவென்று ஆகியிருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டுத் தரையையும் இதே கண்ணோடு பாருங்கள்.

கேள்வி: 2020 மாடல், மீட்டர் 28,000 கிலோமீட்டர் காட்டுகிறது. நம்பலாமா? (மதுரை)

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1823 என்றால் டயர் தயாரானது 2023-ஆம் வருஷம் 18-ஆம் வாரம். நான்கிலும் இப்படி வண்டிக்குப் பிந்தைய வருஷம் இருந்தால், 28,000 ஓடிய வண்டிக்கு நான்கு டயரும் ஏன் மாறின என்று கேளுங்கள். பிரேக், கிளட்ச் பெடல் ரப்பர் வழுக்கையாகத் தேய்ந்திருந்தாலும் சந்தேகம்தான். வண்டி எண்ணைச் சொல்லி, கம்பெனி சர்வீஸ் சென்டரில் தேதிவாரியாக ஓடிய கிலோமீட்டரை ஓனர் மூலம் வாங்குங்கள். மீட்டரைத் திருப்பியிருந்தால் பெரும்பாலும் அங்கே அகப்படும்.

கேள்வி: சென்னை வண்டி. வெள்ளத்தில் நின்றதா என்று எப்படித் தெரியும்? (செங்கல்பட்டு)

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை, மக்கிய வாடை இருந்தால் விட்டுவிடுங்கள். சீட் ரெயில் துரு, ஃபியூஸ் பாக்ஸில் பச்சைப் பூப்பு இவையும் அடையாளம். தண்ணீர் குடித்த வயரிங் ஒரு வருஷம் கழித்துக்கூடத் தொல்லை தரும்.

கேள்வி: டெல்லி டீசல் வண்டி ரொம்ப மலிவாக வருகிறதே? (ஈரோடு)

அங்கே 10 வருஷ டீசல் வண்டிக்குக் கட்டுப்பாடு வந்ததால்தான் அந்த விலை. இங்கே கொண்டுவர என்ஓசி (தடையில்லாச் சான்று), மறுபதிவு, தமிழ்நாட்டு லைஃப் டேக்ஸ் எல்லாம் உங்கள் தலையில். அதைக் கூட்டிப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

கேள்வி: ஓனர் பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுத் தந்தார். பேர் மாற்றத்தைப் பிறகு செய்துகொள்ளலாமா? (சேலம்)

கூடாது. 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது தெளிவு: ஆர்டிஓ பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. உங்களுக்கும் சிக்கல்தான். பாலிசி பழைய ஓனர் பெயரிலேயே இருந்தால் வண்டிச் சேதத்துக்கு நீங்கள் கிளெய்ம் கேட்க முடியாது. வாங்கிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) அவரோடு போய்விடும், அதனால் பிரீமியத்தில் வித்தியாசம் கட்ட நேரும். பணம் கொடுக்கும் முன் பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் கடன் அடமானம், பாக்கி சலான் இரண்டையும் பாருங்கள். ஆர்சியில் அடமானம் இருந்தால் வங்கி என்ஓசியும் அடமானத்தை நீக்கும் படிவம் 35-உம் கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள்.

கேள்வி: வாங்கியதும் முதல் செலவு? (தஞ்சாவூர்)

இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில். பழையவர் மாற்றினேன் என்று சொன்னாலும் மாற்றிவிடுங்கள். டயர் ஆறு வருஷத்தைத் தாண்டியிருந்தால் பட்டன் (டயரின் மேல் பள்ளவரி) நன்றாக இருந்தாலும் நெடுஞ்சாலைக்கு வேண்டாம், ரப்பர் இறுகிப்போயிருக்கும். நான்கு டயர் விலையை முதலிலேயே பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.