அமெரிக்க மெட்டல் ராக் இசைக்குழுவான ட்ரீம் தியேட்டரில் இப்போது இருப்பவர்கள் எல்லோரும் தொடக்கத்திலிருந்தே இருப்பவர்களா?

இல்லை, மூன்று பேர்தான். ஜான் பெட்ரூசி, ஜான் மயங், டிரம்மர் மைக் போர்ட்னாய் மூவரும் 1985-இல் பாஸ்டன் பெர்க்லி இசைக் கல்லூரியில் ஒன்றுசேர்ந்தவர்கள். பாடகர் ஜேம்ஸ் லாப்ரி 1991-இல் வந்தார். கீபோர்டில் கெவின் மூர், டெரெக் ஷெரினியன் இருவருக்கும் அப்புறம் 1999-இல் ஜோர்டன் ரூடஸ் வந்து நிலைத்துவிட்டார்.

பெரிய அடி, 2010-இல் போர்ட்னாய் விலகியதுதான். கொஞ்ச காலம் ஓய்வெடுக்கலாம் என்றார், மற்றவர்கள் ஒப்பவில்லை. ஏழு டிரம்மர்களை வரவழைத்து, தாளம் நூறு தடவைக்கு மேல் மாறுகிற 'தி டான்ஸ் ஆஃப் இடர்னிட்டி' என்ற தங்கள் இசைத்துண்டை வாசிக்கச் சொன்னார்கள். பெர்க்லியிலேயே பாடம் நடத்திக்கொண்டிருந்த மைக் மஞ்சினி தேர்வானார். 2023-இல் போர்ட்னாய் திரும்பியதும் மஞ்சினியை இடைக்கால ஆள் போலப் பேசுகிறார்கள், அது நியாயமே இல்லை. 2022-இல் குழுவுக்கு முதல் கிராமி வாங்கித் தந்த 'தி ஏலியன்' பாட்டில் டிரம்ஸ் அவருடையது.