ஃபயர்வாலுக்கு எந்தச் சிறு கணினி?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் சிறிய கணக்கு அலுவலகம் வைத்திருக்கிறேன். ஐபிஃபயர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு ஃபயர்வாலாக (இணையத்துக்கும் அலுவலக வலைக்கும் இடையிலான காவல் பெட்டி) மட்டும் ஓட்ட ஒரு கணினி வேண்டும். ஜே1900 சிப் உள்ள பழைய தின் கிளையன்ட் (சர்வரை நம்பி ஓடும் சிறு அலுவலகக் கணினி) ஒன்று மலிவாக வருகிறது. லோட்ஷெடிங் எனும் முறைவைத்த மின்வெட்டிலும் இணையம் நிற்கக் கூடாது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஐபிஃபயருக்கு வெளிப்பக்கம் (சிவப்பு), உள்பக்கம் (பச்சை) என இரண்டு லேன் போர்ட்டாவது வேண்டும்; தின் கிளையன்ட்டில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். யூஎஸ்பி அடாப்டர் மாட்டி ஒப்பேற்றலாம், ஆனால் அது ஒரு நொடி விட்டுப் பிடித்தாலே வெளித்தொடர்பு அறுந்துவிடும். ஜே1900-ல் ஏஇஎஸ் குறியாக்கத்துக்கான வன்பொருள் வசதியும் இல்லை, வெளியிலிருந்து அலுவலக வலைக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன்விபிஎன் தள்ளாடும். அதே வேலைக்கு, ஏஇஎஸ் இல்லாத வேறு குறியாக்கம் கொண்ட வயர்கார்டு மட்டும்தான் என்றால் இந்தக் குறை பெரிதல்ல.

இன்டெல் என்100, ஐ226 லேன் சிப், நான்கு போர்ட், விசிறி இல்லாத பெட்டி எடுங்கள். 4 ஜிபி ராம், 32 ஜிபி எஸ்எஸ்டி தாராளம். பணம் கொடுக்கும் முன் லினக்ஸ் லைவ் யூஎஸ்பி போட்டு, எல்எஸ்பிசிஐ கட்டளையில் (lspci -k) ஒவ்வொரு போர்ட்டுக்கும் ‘ஐஜிசி’ (igc) டிரைவர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) செக்யூர் பூட்டை அணைத்துவிட்டே நிறுவ வேண்டும்.

பலர் கோட்டை விடுவது மின்சாரத்தில். அலுவலகங்கள் கழித்துவிடும் மினி கணினிகள் 19 அல்லது 20 வோல்ட் கேட்பவை. ரூட்டருக்கான சின்ன யூபிஎஸ் தருவது 12 வோல்ட். ஆகவே 12 வோல்ட் பெட்டியாகப் பார்த்து எடுங்கள். ஃபைபர் பெட்டிக்கும் அதே யூபிஎஸ்ஸிலிருந்து மின்சாரம் போக வேண்டும், அது அணைந்தால் ஃபயர்வால் ஓடியும் பயனில்லை. கணக்கு இப்படி: யூபிஎஸ் அட்டையில் பேட்டரி கொள்ளளவு 8,800 எம்ஏஎச் என்று போட்டிருப்பது 3.7 வோல்ட்டில், அதாவது சுமார் 32 வாட்மணி. இழப்பு போக 27 என்று வையுங்கள். இரண்டு பெட்டியும் சேர்ந்து 18 வாட் இழுத்தால் ஒன்றரை மணி நேரம்தான். இரண்டு மணி நேர வெட்டைத் தாண்ட 12,000 எம்ஏஎச்சாவது வேண்டும், பேட்டரி தேய்வதையும் சேர்த்தால் 15,000. 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் தருமா என்றும் பாருங்கள். குறைவாக இருந்தால் பூட் ஆகும்போதே சாய்ந்துவிடும்.

பயாஸில், மின்சாரம் திரும்பியதும் தானே எழும் அமைப்பை ‘பவர் ஆன்’ ஆக்குங்கள். பிறகு யூபிஎஸ் இல்லாமல் சுவர் பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்துச் சொருகிப் பாருங்கள். பட்டனைத் தொடாமல் இணையம் வராவிட்டால் பெட்டியைக் கடையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.