ஒரு ராத்திரி போதும், அதற்கு முன் மொட்டை மாடி

கேள்வி: எனக்கு ஏழு வயதில் மகன், நான்கு வயதில் மகள். கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். இந்த மே மாத லீவில் பிள்ளைகளை ஏலகிரிக்குக் கூட்டிப்போய் இரண்டு ராத்திரி டென்ட்டில் தங்கலாம் என்று ஆசை. துணைக்கு என் தம்பி வருகிறான். “பச்சைப் பிள்ளைகளைக் கொண்டுபோய் வெட்டவெளியில் படுக்க வைப்பாயா? பூச்சிபொட்டு வராதா?” என்று மாமியார் தடுக்கிறார். போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேலூர்

பதில்: தாராளமாகப் போங்கள் சகோதரி. ஆனால் ஒரு ராத்திரி போதும். நான்கு வயதுக் குழந்தை முதல் நாள் சரியாகத் தூங்காது. மறுநாள் அந்தத் தூக்கக் கலக்கத்தில் தொட்டதற்கெல்லாம் அழும்.

இடத்தை நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், ஏலகிரிக்கு 14தான். சின்ன வயிறுகளுக்கு இது பெரிய வித்தியாசம். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே லேசாகச் சாப்பிடக் கொடுத்துவிடுங்கள். செல்போனை வாங்கி வைத்துவிடுங்கள். அந்த வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். பலகை வரும்போதெல்லாம் எண்ணிச் சொல்லும்படி மகனிடம் சொல்லுங்கள். கண் வெளியே இருந்தால் குமட்டல் குறையும். ஊட்டிக் குளிரை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சுமார் 1,000 மீட்டர் உயரம்தான், மதிய வெயில் அங்கேயும் சுடும்.

மாமியார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதனால் காட்டுக்குள் வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலர் உயிரிழந்ததை நாம் மறக்க முடியாது. கோடையில் காய்ந்த புல் எப்படிப் பிடிக்கும் என்று அன்றைக்குப் பார்த்தோம். சுற்றுச்சுவரும் கழிப்பறையும் காவலுக்கு ஆளும் உள்ள தங்கும் விடுதி வளாகத்தில் டென்ட் போட்டுத் தருகிறார்களா என்று விசாரித்து, அங்கே தங்குங்கள். டென்ட் ஜிப் எப்போதும் மூடியே இருக்கட்டும். செருப்பை உதறிவிட்டுப் போடப் பழக்குங்கள். ஒருவேளை பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் கூடாது. அசையவிடாமல் நேராக அரசு மருத்துவமனை, 108க்குச் சொல்லுங்கள்.

குளிருகிறதே என்று கரி அடுப்பை மட்டும் டென்ட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனைகூட இருக்காது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மே மாதத்தில் சாயங்காலம் இடி மழை வரும். முதல் இடி கேட்டதுமே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். மின்னலுக்கு டென்ட் பாதுகாப்பே இல்லை.

இதெல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவை. பிள்ளைகளுக்கு எது கஷ்டம் தெரியுமா? இருட்டும், ராத்திரியில் ஒன்றுக்குப் போவதும்தான். என் மகளுக்கு ஐந்து வயதில் இப்படித்தான் ஒரு மலையில் தங்கினோம். சாப்பிட்டாள், சிரித்தாள், படுத்தாள். நடுராத்திரியில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “அம்மா, இருட்டு சத்தம் போடுது” என்றாள். சில்வண்டு! வீட்டில் ஃபேன் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்த குழந்தைக்கு அது என்னவென்று தெரியவில்லை. கழிப்பறை இருபதடி தூரம்தான், ஆனாலும் வர மாட்டேன் என்று அடக்கிக்கொண்டே படுத்திருந்து, விடியும்போது பாயெல்லாம் ஈரம். அவள் அழுத அழுகையை நினைத்தால் இப்போதும் மனசு என்னவோ செய்கிறது. முன்கூட்டியே பழக்கியிருக்க வேண்டியது நான்தான்.

அதனால் கிளம்புவதற்கு முந்தின வாரம் மொட்டை மாடியில் இரண்டு ராத்திரி படுங்கள். தரை சூடு தணிய ஒன்பது மணி ஆகும், அதுவரை மாமியாரைக் கதை சொல்லச் சொல்லுங்கள். அவரும் வந்து படுத்தால் பாதி பயம் அவருக்கே போய்விடும். விளக்கை அணைத்துவிட்டு, கேட்கிற ஒவ்வொரு சத்தமும் என்ன என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடுங்கள். நடுவில் ஒருமுறை எழுப்பி, டார்ச் பிடித்தபடி கீழே பாத்ரூமுக்குக் கூட்டிப்போங்கள். மகள் இரண்டு நாளும் அழுதால் மலைக்கு அடுத்த வருஷம் போகலாம், ஏலகிரி எங்கேயும் போய்விடாது.

சாப்பாட்டுக்கு மிளகாய்ப்பொடி தடவின இட்லி போதும். தயிர் சாதத்தைப் பால் ஊற்றிப் பிசைந்து, ஒரு கரண்டி தயிர் விட்டால் புளிக்காது. ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், பாதி பாதியாகக் கரைக்கக் கூடாது. புங்கனூர் ஏரிக்குப் போனால் மகளுடைய கை உங்கள் கையில், மகனுடையது தம்பி கையில். படகு ஏறினால் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் உட்காராதீர்கள்.

மகளுக்கு மாற்றுத் துணி மூன்று செட் வையுங்கள். டார்ச் வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். அண்ணன் கையில் இருப்பதைக் கேட்டு அழாமல், அவளுக்கென்று ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும்.